வடசென்னையில் மகளிர் குழு தொடங்குவது எப்படி: கணக்கு நோட்டு எழுதுபவளின் குறிப்புகள்

"யக்கா, எங்க தெருவுல ஒரு குழு போடணும், இன்னா பண்ணணும்?" என்று கேட்டு மாதத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "லோனுக்கா, சேமிப்புக்கா?" கேட்டவர் சிரிப்பார். "லோனுக்குத்தான்க்கா. சேத்து வெக்க எங்ககிட்ட இன்னா கீது?"

அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் லோனை மட்டும் நினைத்துத் தொடங்கிய குழுக்கள் வங்கிப் பணம் கைக்கு வந்த சில மாதத்திலேயே கலைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். கொருக்குப்பேட்டையில் பதினோரு வருடமாக ஒரு குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். பக்கத்துத் தெருக்களில் நாலைந்து குழுக்கள் உருவானபோது கூடவே இருந்தேன். புதிதாக வருகிறவர்களிடம் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இன்று நம் கையில் இருக்கும் விதிமுறைகள் கிராமத்தை மனதில் வைத்து உருவானவை. 1983-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில்தான் சுய உதவிக் குழுக்களை ஆரம்பித்தது. 1992-ல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியது. பிறகு 1990-களின் கடைசியில், இந்தக் குழுக்களுக்கான அரசின் மகளிர் திட்டம் மாநிலம் முழுவதும் வந்தது. நம் ஊரில் பெண்கள் கூடுவது இதற்கும் முந்தைய கதை. ஜெயா அருணாசலம் 1978-ல் சென்னையில் ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் அமைப்பைத் தொடங்கியதே கூடை வியாபாரம் செய்கிற, குடிசைப் பகுதியில் இருக்கிற பெண்களை வைத்துத்தான். ஆனாலும் பயிற்சிக்குப் போனால் நமக்குக் கொடுக்கிற கையேடு கிராமத்து வாசனையோடுதான் இருக்கும். தருமபுரியில் வானத்தைப் பார்த்துக் கடன் கேட்பார்கள். மீன்பிடித் துறைமுகம் இருக்கிற நம் காசிமேட்டில் படகைப் பார்த்துக் கேட்பார்கள். இந்த வித்தியாசத்தை மட்டும் கடைசிவரை மறக்காதீர்கள்.

ஆள் சேர்க்கும் முன் தண்டல் கணக்கு

வீடு வீடாகப் போய் "பெண்கள் முன்னேற்றம்" என்று பேச ஆரம்பித்தால் கதவு பாதிதான் திறக்கும். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய், தினமும் வந்து வசூலிக்கிற வட்டிக் கடனான தண்டலின் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

10,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் வருவது 9,000. சில இடங்களில் 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம்தானே போவுது, பத்து பர்சென்ட்" என்பார்கள். அங்கேதான் ஏமாற்றம். அந்த 9,000 நூறு நாளும் முழுசாக நம்மிடம் இருப்பதில்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் கையில் இருந்தது பாதி, அதாவது 4,500 தான். அதற்கு 100 நாளில் 1,000 ரூபாய் கொடுக்கிறோம். வருடத்துக்கு மாற்றிப் பார்த்தால் வட்டி 80 சதவீதம். கையில் 8,500 தான் கொடுத்தார்கள் என்றால் 120-ஐத் தாண்டும்.

இதைச் சொல்லும்போது தண்டல்காரரைத் திட்டாதீர்கள். காலை நாலு மணிக்குக் காசிமேட்டு ஏலத்துக்குக் கிளம்பும் பெண்ணுக்கு, கேள்வி கேட்காமல் முந்தின நாள் ராத்திரியே பணம் கொடுப்பவர் அவர்தான். உங்கள் குழு அவரைவிட மலிவாக இருந்தால் மட்டும் போதாது, அவர் அளவுக்கு வேகமாகவும் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் 1,000 ரூபாய் வரை அவசரக் கடன் உண்டு. பொறுப்பாளர் மூவரில் இரண்டு பேர் சம்மதித்தால் அன்றைக்கே கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் எழுதிக்கொள்வோம். இந்த விதி வந்த பிறகுதான் மீன் விற்கிற அக்காக்கள் குழுவை நம்பினார்கள்.

யாரைச் சேர்ப்பது

12 முதல் 20 பேர். எனக்குப் பிடித்த எண் 15. ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும். மாமியார், மருமகள், நாத்தனார் என்று ஒரே குடும்பத்திலிருந்து நாலு பேர் வந்துவிட்டால் அது குழு இல்லை, குடும்பச் சண்டைக்கு ஒரு கூடுதல் மேடை.

ஒரே தெருவாக, முடிந்தால் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்களாக இருக்கட்டும். குடம் வைக்கிற வரிசையில் நின்றவர்களுக்கு யார் சொன்ன சொல் காப்பாற்றுவார், யார் மழுப்புவார் என்பது தெரியும். எந்த வங்கி அதிகாரிக்கும் அது தெரியாது. வருமானத்தில் ரொம்ப வித்தியாசம் வேண்டாம். மாடி வீட்டுக்கார அம்மா ஒருவர் நல்ல மனசோடு வந்து சேர்ந்தாலும், ஆறு மாதத்தில் அவர் பேசுவார், மற்ற பதினாலு பேர் கேட்பார்கள்.

திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் வாடகைக்கு இருக்கிற பெண்களை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்குத்தான் குழு அதிகம் தேவை. இரண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் ஏற்கெனவே ஏதாவது குழுவில் பெயர் இருக்கிறதா? ஆதாரில் முகவரி எது? ஊர்க் குழுவில் கடன் பாக்கி இருந்தால் இங்கே வங்கிக் கடன் வரும்போது மாட்டிக்கொள்ளும். பெயரையும் பாருங்கள். ஆதாரில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல், வாக்காளர் அட்டையில் வீட்டில் கூப்பிடுகிற பெயர் என்று மூன்று விதமாக இருக்கும். முதல் மாதமே இ-சேவை மையத்துக்கு அனுப்பிச் சரிசெய்யச் சொல்லுங்கள். கடன் வருகிற நேரத்தில் ஓடினால் நடக்காது.

கூட்டத்துக்குக் கிழமை குறிப்பது

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் குழு நிற்பதும் விழுவதும் இதில்தான். கையேட்டில் "விடுமுறை நாளில் கூடலாம்" என்று இருக்கும். காசிமேட்டை ஒட்டிய தெருவில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தால் மீன் விற்பவர் ஒருவர்கூட வர மாட்டார். அவர்களுக்கு வாரத்தில் பெரிய வியாபாரம் அன்றைக்குத்தான். தேவாலயம் போகிறவர்களும் வர மாட்டார்கள். வெள்ளிக்கிழமை நிறையப் பேர் கவிச்சி வாங்காத நாள் என்பதால் வியாபாரம் மந்தம், அதனால் எங்களுக்கு வெள்ளி மதியம் மூன்று மணி சரிப்பட்டது. தையல் கம்பெனிக்குப் போகிறவர்கள் அதிகம் இருக்கிற தெருவில் அது முடியாது, ராத்திரி எட்டு மணிதான். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரு இடைவெளி கிடைக்கும். உங்கள் தெருவின் நேரத்தைக் கேட்டுக் குறியுங்கள்.

வாரச் சேமிப்பை எவ்வளவு வைப்பது? இருப்பதிலேயே கஷ்டப்படுகிற பெண் எவ்வளவு சொல்கிறாரோ அதுதான். நாங்கள் 50 ரூபாயில் தொடங்கினோம். 15 பேர், வாரம் 750. எட்டு வாரத்தில் 6,000. ஆறு மாதத்தில் வட்டி சேராமலே 19,500. "வாரம் இருநூறு போடலாம்" என்று வசதியானவர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது வாரம் கட்ட முடியாதவர் வெட்கப்பட்டு வராமலே நின்றுவிடுவார்.

முதல் கூட்டத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குழுவுக்குப் பெயர், கிழமை, சேமிப்புத் தொகை, தாமதமாக வந்தால் அபராதம் (எங்களுக்கு 5 ரூபாய்), ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். சில இடங்களில் தலைவி, செயலாளர், பொருளாளர் என்பார்கள். எதுவானாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். பிறகு எழுத முடியாது, உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார்.

நோட்டு

குழு என்றால் என்னைப் பொறுத்தவரை நோட்டுதான். தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்பு - கடன் பேரேடு, அப்புறம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்ன பாஸ்புக். இந்த நாலும் போதும்.

என் முதல் வருடத்துத் தவறைச் சொல்கிறேன். மூத்த மகளுக்கு அம்மை போட்டிருந்ததால் மூன்று நாலு வாரம் பணத்தை மட்டும் வாங்கி டப்பாவில் போட்டுவிட்டு, பிறகு ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதினேன். அடுத்த கூட்டத்தில் கருவாடு விற்கிற ஆயா ஒருவர், "எனக்கு எவ்ளோ மா இருக்குது?" என்று கேட்டார். 22 வாரம், 1,100 ரூபாய் என்றேன். அவர் எதுவும் பேசாமல் என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கதவின் பின்பக்கம் அடுப்புக்கரியால் கோடு கிழித்து வைத்திருந்தார், அஞ்சு அஞ்சாக, நாலு கோட்டின் மேல் குறுக்கே ஒன்று. எண்ணினேன். 23. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். தப்பு என் நோட்டில் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் மூன்று பழக்கம். பணத்தைப் பாயின் நடுவே எல்லோரும் பார்க்க எண்ணுவோம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பெயரையும் தொகையையும் உரக்கப் படிப்பேன், அவரவர் "ஆமா" சொன்ன பிறகுதான் அடுத்த பெயர். கூட்டம் முடிந்தால் நோட்டு ஒரு வீட்டில், பணம் இன்னொரு வீட்டில், பெட்டிச் சாவி மூன்றாவது வீட்டில். "எங்கள நம்பலியா?" என்று யாராவது கோபித்துக்கொள்வார்கள். நம்பிக்கை கெடாமல் இருக்கத்தான் இது என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

உள்கடன்

எட்டு வாரம் ஆனதும் சேர்ந்த பணத்தைச் சுற்ற விடுங்கள். பெட்டியில் தூங்குகிற பணத்தால்தான் சந்தேகம் வரும். எங்கள் வட்டி நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், குறைகிற அசலுக்கு மட்டும். 3,000 வாங்கினால் மாதம் 300 வீதம் பத்துத் தவணை. முதல் மாதம் வட்டி 60, அடுத்து 54, 48 என்று இறங்கிக் கடைசி மாதம் 6. மொத்த வட்டி 330. அதே 3,000-க்குத் தண்டலில் நூறே நாளில் 300 போயிருக்கும். இங்கே பத்து மாதத்துக்கு 330, அதுவும் நம் பெட்டிக்கே திரும்பி வருகிறது.

யாருக்கு முதலில் என்பதில்தான் சண்டை வரும். வைத்தியம், பள்ளிக் கட்டணம், தொழில் முதல், தண்டல் அடைக்க என்று நாங்கள் வரிசை வைத்திருக்கிறோம். நகைச்சீட்டு கட்டக் கடன் கேட்டால் கொடுப்பதில்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டுக்குக் கொடுப்பதா என்று இன்றைக்கும் வாக்குவாதம் நடக்கிறது. நான் வேண்டாம் என்பேன், பெரும்பாலும் தோற்பேன்.

தவணையை நிர்ணயிக்கும்போது காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. படகுக்காரர் வீட்டோடு அது நிற்பதில்லை. ஐஸ் உடைப்பவர், இறால் உரிப்பவர், கூடையில் தெருத்தெருவாக விற்பவர் எல்லோருக்கும் கை காய்ந்துவிடும். அது முடிந்த கையோடு பள்ளி திறப்பு. பிறகு ஆடி மாதம், ஒவ்வொரு தெருவிலும் கூழ் ஊற்றுவதற்கு வசூல். அக்டோபரிலிருந்து மழை, புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நிற்கிற நாட்களில் கருவாடு காயாது, இட்லிக் கடை போட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது அந்தக் குப்பங்களில் வலை போடவே முடியவில்லை. இந்த மாதங்களில் "ஏன் கட்டலை?" என்று கேட்பது அர்த்தமில்லாதது. மார்ச் மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள்: கடலை நம்பியவர்களுக்கு இரண்டு மாதம் வட்டி மட்டும், அசல் ஜூலையிலிருந்து. முன்கூட்டியே எழுதினால் அது விதி. மே மாதம் கெஞ்சிய பிறகு கொடுத்தால் அது சலுகை, அடுத்தவர் முகம் சுளிப்பார்.

மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகிற தகுதி உள்ளவர்களை அங்கே சேரச் சொல்லுங்கள். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் அவர்கள் 1,500 கட்டினால் அரசுப் பங்கு சேர்ந்து 4,500 ஆகத் திரும்பி வரும்.

வங்கிக் கணக்கு

குழு தொடங்கிய முதல் மாதத்திலேயே கணக்குத் திறந்துவிடுங்கள். தீர்மான நகல், ரப்பர் ஸ்டாம்ப், பொறுப்பாளர்களின் ஆதார், போட்டோ. எங்களை ஒரு கிளையில் நாலு முறை அலைய விட்டார்கள். பதினைந்து பேருக்கும் பான் கார்டு வேண்டும் என்றார்கள், அந்த மேடம் லீவு என்றார்கள், திங்கள்கிழமை வா என்றார்கள். நாலு நாள் கூலி போனது. சேமிப்புக் கணக்குத் திறக்க எல்லா உறுப்பினரின் ஆவணமும் தேவையில்லை, பொறுப்பாளர்களுடையது போதும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இது அப்போது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

தனியாகப் போவதைவிட, குழுக்களைக் கவனிக்கிற களப்பணியாளரான சமுதாய அமைப்பாளரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. உங்கள் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கேட்டால் யார் என்று சொல்வார்கள்.  சுழல் நிதி (உள்ளுக்குள் கடன் கொடுத்துச் சுற்ற விடக் குழுவுக்குத் தருகிற பணம்), பயிற்சி, பகுதி அளவிலான கூட்டமைப்பு எல்லாம் அந்த வழியாகத்தான் வரும்.

ஆறாவது மாதம்

ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் தர மதிப்பீடு செய்வார்கள். கூட்டம் தவறாமல் நடந்ததா, சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், நோட்டு என்று ஐந்தைப் பார்ப்பார்கள். தேறினால் வங்கிக் கடன். இங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. கடன் வந்ததும் "ஆளுக்கு இவ்ளோன்னு சமமா பிரிச்சிக்கலாம், பிரச்சனையே வராது" என்று யாராவது சொல்வார்கள். அதிலிருந்துதான் பிரச்சினையே தொடங்கும். தேவையில்லாதவரும் தன் பங்கை வாங்கி, பக்கத்து வீட்டுக்காரருக்கு மாற்றிவிடுவார். வாங்கியவர் கட்ட மாட்டார், பெயர் உள்ளவர் மேல் பாக்கி விழும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கி பார்க்கிற சிபில் மதிப்பெண் கெடும், பதினைந்து பேருக்கும் சேர்த்துக் கதவு மூடும். யார் எதற்கு எவ்வளவு கேட்கிறார் என்று எழுதி வாங்கி, தேவைக்கு ஏற்பப் பிரியுங்கள். வேண்டாம் என்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கடனில் என்ன தொழில் செய்வது என்று நிறையப் பேர் கேட்பார்கள். பயிற்சியில் மெழுகுவத்தியும் பினாயிலும் சொல்லித் தருவார்கள். தெருவுக்குத் தெரு பினாயில் இருக்கிறது, வாங்க ஆள்தான் இல்லை. ஏற்கெனவே செய்கிற தொழிலில் எங்கே காசு ஓட்டையாகப் போகிறது என்று பாருங்கள். எங்கள் குழுவில் மூன்று பேர் தனித்தனி ஆட்டோவில் மீன் ஏற்றிவந்ததை நிறுத்தி ஒரே லோடு ஆட்டோ பேசினார்கள். அதில் மிச்சமானதே அவர்களுடைய தவணையில் பாதி.

வாரக் குழுக்காரர்கள்

உங்கள் குழு நன்றாக நடக்கிறது என்று தெரிந்ததும் மைக்ரோ பைனான்ஸ் ஆட்கள் வருவார்கள். ரெடியாக இருக்கிற பதினைந்து பேர் அவர்களுக்குக் கிடைத்த வரம். அங்கே சேமிப்பு கிடையாது, நோட்டும் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. ஆனால் பெயர் "குழு" என்பதால் குழப்பம் வரும். வாங்குவது தனிப்பட்டவர் முடிவு. நம் குழுக் கூட்டத்தில், நம் பாயில் அவர்கள் வசூல் நடத்தக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஏற்கெனவே வாங்கி மாட்டியவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளைச் சொல்லுங்கள். வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அடமானம் கேட்கக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் போன் போட்டு நெருக்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு வாசலில் வந்து நிற்பவரிடம் இதைச் சொல்ல ஒருத்தியால் முடியாது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து நின்றால் முடியும்.

பணம் தவிர மற்றவை

கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். மத்திய அரசின் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் வருடாவருடம் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள், இரண்டுமே இரண்டு லட்சத்துக்கு. கால்வாய் அடைத்திருந்தால் 1913-க்குப் போன் போட்டு, புகார் எண்ணைத் தீர்மான நோட்டிலேயே எழுதுங்கள். வீட்டில் அடி வாங்குகிற பெண் யாராவது இருந்தால் 181. அந்த எண்ணை எல்லோர் முன்னும் சொல்லி, எல்லோரையும் போனில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். யாருக்காகச் சொன்னோம் என்று தெரியாமல் இருக்கும்.

ஒருவர் விலகும்போது

இதைக் கையேட்டில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், நம் பக்கம் இது அடிக்கடி நடக்கும். கால்வாய் ஓரத்தில் வீட்டை எடுத்துவிட்டு, தெற்கே வெகுதூரத்தில் இருக்கிற பெரும்பாக்கத்துக்கு அனுப்புவார்கள், அல்லது வாடகை ஏறி மணலிக்கு அப்பால் போவார்கள். போகிறவருடைய சேமிப்பு, அவர் பங்குக்கு வருகிற வட்டி, இரண்டையும் கூட்டி, கடன் பாக்கியைக் கழித்து, அதே கூட்டத்தில் கையில் கொடுத்துவிடுங்கள். "அடுத்த மாசம் வாங்கிக்கோ" என்றால் பெரும்பாக்கத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். அவர் கையெழுத்தையோ ரேகையையோ வாங்கி, நோட்டில் அந்தப் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டு மூடுங்கள். பாஸ்புக்கைத் திருப்பி வாங்காதீர்கள். புது இடத்தில் குழு ஆரம்பிக்க யாராவது கேட்கும்போது காட்டுவதற்கு அவரிடம் இருக்கட்டும்.